ஓட்டம் யாருடைய உடைமை?

விளையாட்டைப் பற்றி எழுதுவது ஓர் இலக்கிய ஏட்டின் வேலையா என்று நண்பர்கள் சிலர் வினவக்கூடும். மனித உழைப்பு எங்கே பண்டமாக மாறுகின்றதோ அங்கே சமுதாய நோக்குடைய எழுத்துக்கு வேலை உண்டு என்பது நமது கருத்து. நாடகத்தையும் திரைப்படத்தையும் நாம் திறனாய்வு செய்கிறோம். அவற்றை ஆக்குவோருக்கும் விற்போருக்கும் காண்போருக்கும் இடையே நிலவும் உறவையும் ஆராய்கிறோம். இன்று ஓட்டப் போட்டியும் அவ்வாறான ஒரு காட்சிப் பண்டமாகிவிட்டது. மைதான வாயிலிலே சீட்டுக் கிழித்துக் கொடுத்த காலத்தை அடுத்து, கைத்தொலைபேசியின் திரையிலே சந்தா அறவிடும் காலம் வந்து சேர்ந்துள்ளது. சந்தா கட்டியவர் ஓட்டத்தைக் காண்பார். கட்டாதவர் மறுநாள் முடிவுப் பட்டியலை வாசிப்பார். இந்த வாணிகத்திலே ஓடுகின்றவருக்கு உரிய பங்கு யாது? அவரைப் பெற்று வளர்த்த மக்களுக்கு உரிய இடம் யாது? இவ்விரு வினாக்களுமே இங்கு நம் ஆராய்ச்சிக்கு உரியவை.

இவற்றைப் பதுளையிலிருந்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு. ஊவா மாகாணத்தின் தோட்டப் பகுதிகளிலே மட்டமான தரை அரிய பொருள். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை என்று எத்திசையில் சென்றாலும், தேயிலைக்குப் போக எஞ்சிய நிலமே லயத்துக்கும் பள்ளிக்கும் வாய்த்திருக்கக் காணலாம். நூறு மீற்றர் நேராக ஓடுவதற்கு ஒரு தடம் அமைக்கவும் இடமில்லாத தோட்டப் பள்ளிகள் பல. ஆயினும் அப்பிள்ளைகள் ஓடுகின்றனர். ஏற்றத்திலும் இறக்கத்திலும் நாள்தோறும் நடந்து பள்ளிக்கு வரும் கால்கள் நெடுந்தூர ஓட்டத்துக்குத் தாமாகவே பழகிவிடுகின்றன. கோட்டம், வலயம், மாகாணம் என்று படிப்படியாக வென்று, பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தைக் கடந்து, கொழும்பு சுகததாச மைதானத்தையோ தியகம மைதானத்தையோ அடையும் ஒரு பிள்ளையின் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு நிற்கின்றது என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம்.

அவ்வுழைப்புக்கு ஒரு கணக்கும் உண்டு. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து, அதனை 1750 ரூபாவாக உயர்த்த முன்மொழிந்தது. குறித்த கிலோ கொழுந்து நிறையாவிடில் அரைப்பேர்தான் விழும். இந்த வருமானத்திலிருந்தே பிள்ளையின் சப்பாத்தும், பஸ் கட்டணமும், பயிற்சிக் காலத்து முட்டையும் பாலும் வரவேண்டும். பதுளைக்கும் கொழும்புக்கும் இடையே இரயில் பாதை ஏறத்தாழ 290 கிலோமீற்றர். மகள் ஓடுவதை நேரிற் காணப் போகும் தாய்க்குப் போகவும் வரவுமாக இரண்டு நாட்பேராவது போய்விடும். தோட்டத்தில் இருந்தபடியே கைத்தொலைபேசியிற் காணலாம் என்றாலோ, ரீலோட் போடவேண்டும். சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடி ஏறவேண்டும். அதற்குமேல் காட்சிக் கட்டணம் என்று ஒரு கதவும் போடப்படுமானால், தன் மகளின் ஓட்டத்தைத் தானே விலைகொடுத்து வாங்கவேண்டிய நிலை அத்தாய்க்கு ஏற்படும்.

தோட்ட மக்களுக்கு இது புதிய அனுபவமன்று. மடுவத்திலே கொழுந்து நிறுக்கப்படும் வரைதான் பறித்தவளுக்கு அதனோடு உறவு. அதற்கப்பால் அது தேயிலைத் தூளாகி, 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்குப் போகின்றது. அங்கே விலை பேசுவோர் பறித்தவளைக் கேட்பதில்லை. விலை ஏறிய நாளிலும் அவளுக்கு அதே சம்பளம். விலை இறங்கிய நாளில் மட்டும் தொழில்துறையின் நெருக்கடி அவளுக்கு விரிவாக எடுத்துரைக்கப்படும். ஓட்டக் காட்சியின் வாணிகமும் இதே பாதையிற் போகின்றது என்பதே நமது குற்றச்சாட்டு. ஓடுமுன்பே அதற்கு விலை பேசப்படுகின்றது. ஓடி முடிந்த பின்னும் அது விலைபோகின்றது. இரு வேளையிலும் ஓடியவரை எவரும் கேட்பதில்லை.

இவ்வாணிகம் எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவிலே 400 மீற்றர் தடை தாண்டி ஓட்டத்தை 51.8 செக்கனில் ஓடி டங்கன் வைற் வெள்ளிப் பதக்கம் வென்றார். சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே இலங்கைக்கு வாய்த்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அதே விழாவைத் தொலைக்காட்சியிற் காட்டுவதற்கு பி.பி.சி. நிறுவனம் ஆயிரம் கினி தர உடன்பட்டது. ஒலிம்பிக் காட்சிக்கு உரிமைக் கட்டணம் என்ற வழக்கம் முளைவிட்டது அங்கேதான். இலங்கைக்கோ தொலைக்காட்சி 1979இல்தான் வந்தது. ஆக, நம் நாட்டவர் ஒருவர் பதக்கம் பெற்ற ஓட்டத்தின் காட்சிக்கு முதன்முதலாக விலை குறிக்கப்பட்டபோது, அவர் அதன் பங்காளியாகவும் இல்லை; அவருடைய மக்கள் அதன் பார்வையாளராகவும் இல்லை.

1956இல் மெல்பேர்ண் விழாவை நடத்தியோர் காட்சிக்குக் கட்டணம் கேட்டனர். செய்திப்பட நிறுவனங்களும் தொலைக்காட்சி நிறுவனங்களும், ‘விளையாட்டு விழா என்பது செய்தி, செய்திக்கு எவரும் விலை கேட்பதில்லை’ என்று வாதாடி விழாவைப் புறக்கணித்தன. அமைப்பாளரோ அது விற்பனைக்குரிய கேளிக்கை என்றனர். செய்தியா, கேளிக்கையா என்ற அந்தப் பெரிய வழக்கிலே, அது சிலருடைய உழைப்பு என்ற மூன்றாவது கட்சி எழவே இல்லை. வழக்கில் வென்றது விற்பனைக் கட்சி. 1960இல் ரோம் விழாவுக்காக அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் 394,000 டொலர் கொடுத்தது. 2014இல் என்.பி.சி. நிறுவனம், 2021 முதல் 2032 வரையிலான விழாக்களுக்கென 765 கோடி டொலருக்கு ஒப்பந்தம் செய்தது. விலை இவ்வாறு மலையளவு வளர்ந்தது.

விலை வளரத் தொடங்கிய அதே காலத்திலே ஓடுபவரின் கைகள் கட்டப்பட்டிருந்தன என்பதுதான் கவனிக்கத்தக்கது. ‘அமெச்சூர்’ என்ற ஒரு விதி அன்று ஆட்சி புரிந்தது. பொருளுக்காக விளையாடுபவன் இழிந்தவன். பொழுதுபோக்காக விளையாடுபவனே உயர்ந்தவன் என்பது அதன் சாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் சில சங்கங்கள், கைத்தொழில் செய்து பிழைப்பவரை அமெச்சூராக ஏற்கவே மறுத்தன. உழையாமல் உண்ணக்கூடியவர்களுக்கே விளையாட்டு உரியது என்ற வர்க்க நியாயத்தை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல இயலாது. 1912 ஸ்டொக்ஹோம் விழாவிலே இரு தங்கப் பதக்கங்களை வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப், முன்னொருகால் சிறு ஊதியத்துக்குப் பேஸ்போல் ஆடினார் என்பதற்காக 1913இல் பதக்கங்களை இழந்தார். பின்லாந்தின் பாவோ நூர்மி, பயணச் செலவின் பெயரால் பணம் பெற்றார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, 1932இல் லொஸ் ஏஞ்சலிஸ் விழாவில் ஓடுவதினின்று விலக்கப்பட்டார். பணம் விளையாட்டின் தூய்மையைக் கெடுக்கும் என்ற உபதேசம் ஓடுபவருக்கு மட்டுமே செய்யப்பட்டது. வாயிலிலே பணம் எண்ணியோருக்கு அது செய்யப்படவில்லை.

பின்னர் நிலைமை மெல்ல மாறிற்று. 1982இல் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம், வீரர் ஈட்டும் பணத்தை நம்பிக்கை நிதியமொன்றில் வைத்துக்கொள்ள இடமளித்தது. 1997இல் ஏதென்ஸ் உலக வல்லவர் போட்டியிலே முதன்முறையாகப் பணப்பரிசு வழங்கப்பட்டது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் விழாவிலே, மெய்வல்லுநர் நிகழ்ச்சி ஒவ்வொன்றிலும் தங்கம் வென்றவருக்கு 50,000 டொலர் கொடுத்தது உலக மெய்வல்லுநர் சம்மேளனம். 48 நிகழ்ச்சிகளுக்குமாக 24 இலட்சம் டொலர். இது முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் காணவேண்டும். 2017 முதல் 2021 வரையிலான காலத்திலே சர்வதேச ஒலிம்பிக் குழுவின் வருமானம் 760 கோடி டொலர். அதில் 61 வீதம் ஒளிபரப்பு உரிமைகளிலிருந்து வந்தது. வருமானத்தில் 90 வீதத்தை விளையாட்டு வளர்ச்சிக்கே பகிர்ந்தளிப்பதாக அக்குழு கூறுகின்றது. கனடாவின் ரயர்சன் பல்கலைக்கழகமும் குளோபல் அத்லீட் என்னும் வீரர் இயக்கமும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றோ, அவ்வருமானத்தில் 4.1 வீதமே வீரர்களுக்கெனச் செலவாகின்றது என்றும், அமெரிக்கக் கூடைப்பந்து போன்ற தொழில்முறை விளையாட்டுகளிலே வீரர் பங்கு 45 முதல் 60 வீதம் வரை உள்ளதென்றும் காட்டிற்று. கூடைப்பந்து வீரர்களை ஓட்ட வீரர்களினும் தரும சிந்தை மிக்க முதலாளிகள் ஆள்கின்றனர் என்பதன்று இதன் பொருள். அவர்களுக்குத் தொழிற்சங்கம் உண்டு. ஓட்டக்காரருக்கு அவ்வாறான கூட்டுப்பேச்சு இல்லை. வேறுபாடு அதுதான்.

நம் நாட்டு வரலாற்றிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2000ஆம் ஆண்டு சிட்னி விழாவிலே 200 மீற்றர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்றார். அவ்விழாவின் அமெரிக்க ஒளிபரப்பு உரிமை மாத்திரமே 70 கோடி டொலருக்குமேல் விலைபோயிருந்தது. அவ்வோட்டத்தில் முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து உட்கொண்டதை 2007இல் ஒப்புக்கொண்டார். சுசந்திகாவுக்கு வெள்ளி உரித்தாக்கப்பட்டது 2009இல். நியாயம் வந்துசேர ஒன்பது ஆண்டுகள் ஆயின. அந்த ஓட்டத்தைக் காட்டிப் பொருளீட்டியோருக்கோ காத்திருக்கவேண்டிய தேவை ஏற்படவில்லை. ஓடியவருக்கான நீதி கடைசியாகவும், விற்றவருக்கான வரவு முதலாவதாகவும் வந்தன.

இனி, இன்றைய கட்டண நேரலைக்கு வருவோம். உலகின் முதன்மையான ஓட்டத் தொடராகிய டயமண்ட் லீக், 2025 முதல் அமெரிக்காவிலே புளோட்ராக் என்னும் சந்தாத் தளத்தின்வழியே காட்டப்படுகின்றது. பள்ளி மாணவரின் ஓட்டங்களைத் தொகுத்துத் தரும் மைல்ஸ்பிளிட் என்னும் தளத்தை நடத்துவதும் அதே கொம்பனிதான். அங்கும் ஒரு பகுதி சந்தாதாரருக்கு மட்டுமே திறக்கும். பதினைந்து வயதுப் பிள்ளையின் ஓட்டம்கூடக் கதவுக்குப் பின்னால் வைத்து விற்கத்தக்க பண்டமாகிவிட்டதை இது காட்டுகின்றது.

2025இல் நிகழ்ந்த இன்னொரு கதை இதனினும் தெளிவான பாடம். பழைய ஓட்டவீரரான மைக்கல் ஜோன்சன் ‘கிராண்ட் ஸ்லாம் ட்ராக்’ என்ற தொடரைத் தொடங்கினார். ஓட்டக்காரருக்கு உரிய மதிப்பைக் கொடுப்பதே நோக்கம் என்று அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவிலும் முதல்வருக்கு ஒரு இலட்சம் டொலர் என்றார்கள். ஏப்ரலில் கிங்ஸ்டன் நகரிலே முதல் போட்டி நடந்தது. அமெரிக்காவிலே சந்தாத் தளத்திலும் தொலைக்காட்சியிலும் காட்டப்பட்டது. தொடர்ந்து இரு போட்டிகள் நடந்தேறின. லொஸ் ஏஞ்சலிஸில் நடக்கவிருந்த நான்காவது போட்டி கைவிடப்பட்டது. வென்றவர்களின் பரிசுப் பணம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. டிசெம்பரில் அந்நிறுவனம் கடன்தீர் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. உலகத்தின் முன்னணி ஓட்டக்காரர்கள் கடன்காரரின் வரிசையிலே தம் கூலிக்காகக் காத்து நின்றனர். நல்லெண்ணம் உடைய ஒருவர், ஓட்டத்தின் அருமை அறிந்த ஒருவர், முன்னின்று நடத்தியபோதே இந்நிலை. ஆகவே, வாக்குறுதி கூலியாகாது. முன்கூட்டியே எழுதி, தனியே ஒதுக்கி வைக்கப்படாத பங்கு பங்கே ஆகாது என்ற முடிவுக்கு நாம் வரவேண்டியுள்ளது.

இங்கே எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையோடு கேட்கவேண்டும். ‘கட்டணம் இல்லாவிட்டால் கமரா வராது. கிரிக்கெட்டையே பகல் முழுதும் காட்டும் தொலைக்காட்சி 10,000 மீற்றர் ஓட்டத்தின் 25 சுற்றுக்களையும் காட்டுவது எப்போது? சந்தாத் தளங்கள்தான் அதைச் செய்கின்றன. கமரா பிடிப்பவரும் கம்பி இழுப்பவரும் தொழிலாளரே. அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?’ என்பது அவ்வாதம். இதிலே உண்மை இருக்கின்றது. காட்சியை ஆக்குவதற்குச் செலவு உண்டு. அச்செலவை யாரேனும் ஏற்கத்தான் வேண்டும். எல்லாம் இலவசமாக வேண்டும் என்று கோஷமிடுவதனால் ஓட்டக்காரரின் பை நிரம்பாது. அதுமட்டுமன்று, இலவசமாகக் காட்டப்படும் ஓட்டமும் உண்மையில் இலவசமன்று. அங்கே பார்ப்பவரின் கண்கள் விளம்பரக்காரருக்கு விற்கப்படுகின்றன. ஆகையால் கட்டணமா, இலவசமா என்பதோடு நம் வினா முடிந்துவிடுவதில்லை. காட்சி எவ்வழியிற் பணமாக மாறினாலும் அப்பணத்தின் பகிர்விலே ஓடுபவர் எங்கே நிற்கின்றார் என்பதே அடிப்படை.

நம் பழைய இலக்கியம் இவ்விடத்தே நமக்கு ஓர் உரைகல்லைத் தருகின்றது. சங்க காலத்துப் பாணரும் புலவரும் பரிசில் பெற்று வாழ்ந்தனர். பரிசில் கொடுப்பவனின் உவப்பைப் பொறுத்தது. ஊதியம் உழைத்தவனின் உரிமையைப் பொறுத்தது. ஒன்றைப் பெறுவதற்குப் பாடிப் புகழவேண்டும்; மற்றதைக் கேட்பதற்குக் கணக்கு இருந்தாற் போதும். அதியமான் தன்னை நேரிற் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூறு கூறுகின்றது. தன் புலமையை ஆராய்ந்து அறியாமல் எறியப்படும் கொடை தனக்கு இழுக்கு என்று கருதும் துணிவு அப்புலவருக்கு இருந்தது. இன்று வென்று வந்த பிள்ளைக்கு மேடையிலே ஒரு கிண்ணமும், ஒரு பொன்னாடையும், அநுசரணையாளரின் பெயர் பொறித்த பெரிய அட்டைக் காசோலையும் கொடுத்துப் படமெடுத்து அனுப்புகின்றனர். அது பரிசில். அந்தப் பிள்ளையின் ஓட்டம் எத்தனை முறை காட்டப்பட்டது, அதனால் யாருக்கு எவ்வளவு வந்தது என்ற கணக்கைக் காட்டி, இதிலே உன் பங்கு இது என்று சொல்வதே ஊதியம். பரிசிலை வாரி வழங்கி ஊதியத்தை மறைக்கும் தந்திரத்தை நாம் இனங்காணவேண்டும்.

காட்சியின் உள்ளடக்கத்தையும் திறனாய்வாளன் நோக்கவேண்டும். மலையகப் பிள்ளையொன்று வெறுங்காலோடு ஓடி வென்றுவிட்டால், அந்த வெறுங்காலே காட்சியின் மையமாகிவிடுகின்றது. லயத்துக் கூரை, கொழுந்துக் கூடை, கண்ணீர் மல்கும் தாய் என்று படம் ஒழுங்காக அடுக்கப்படுகின்றது. வருணனையாளர் குரல் தழுதழுக்கின்றது. பார்ப்போர் உருகுகின்றனர், பகிர்கின்றனர், பார்த்தோர் தொகை ஏறுகின்றது, அத்தொகைக்கேற்ப விளம்பர வருமானமும் ஏறுகின்றது. ஆக, அப்பிள்ளையின் வேகம் மட்டுமன்றி அதன் வறுமையும் விற்பனைக்கு வந்துவிடுகின்றது. சப்பாத்து ஏன் இல்லை, தோட்டப் பள்ளிக்கு மைதானம் ஏன் இல்லை என்ற கேள்வியை அக்காட்சி எழுப்புவதில்லை. எழுப்பினால் உருக்கம் கோபமாக மாறும். கோபத்துக்கு அநுசரணையாளர் கிடைப்பதில்லை. வறுமையை வீரத்தின் அலங்காரமாகக் காட்டும் இக்கலை, வறுமையை நீடிக்கச் செய்வோருக்கே துணைபோகும் கலை என்பதை அஞ்சாது கூறுவோம்.

பள்ளிப் போட்டிகளின் நிலை இன்னும் நுட்பமானது. சேர் ஜோன் டார்பட் கிண்ணத்துக்கான பாடசாலைப் போட்டிகள் பல ஆண்டுகளாக ஒரு சொக்லேற்றின் பெயரோடு சேர்த்தே வழங்கப்பட்டு வந்துள்ளன. இணையவழி நேரலையிலும் காட்டப்பட்டுள்ளன. இவற்றால் நன்மை விளைந்துள்ளது என்பதை ஏற்கிறோம். 2023இல் ஹாங்சோ ஆசிய விழாவிலே 800 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்ற தருஷி கருணாரத்ன, வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரியிலே பயின்று எழுந்தவர். பள்ளி மைதானமே நம் நாட்டு ஓட்டத்தின் நாற்றுமேடை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அதற்கப்பால் ஏறுவதற்கு வெளிநாடு போகவேண்டிய நிலை இருப்பதையும் காண்கிறோம்: 2022இல் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடி, பத்துச் செக்கனுக்குள் ஓடிய முதல் தெற்காசியரான யுபுன் அபேகோன், இத்தாலியிலே தங்கிப் பயின்றவர்.

இந்த நாற்றுமேடையை ஆக்கியவர் யார்? மைதானம் பொதுச்சொத்து, பயிற்றுவிப்பவர் அரசாங்கச் சம்பளம் பெறும் ஆசிரியர், கோடு போடுவதும் நேரம் குறிப்பதும் ஆசிரியர்களின் விடுமுறை நாள் உழைப்பு, ஓடுபவர் ஒப்பந்தத்திற் கையெழுத்திடும் வயதடையாத பிள்ளை. பொதுமக்களின் பணத்தாலும் உழைப்பாலும் முளைத்த ஒரு நிகழ்ச்சியைக் கதவுக்குப் பின்னால் வைத்து, அதே பொதுமக்களிடம் நுழைவுக் கட்டணம் கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இது வெறும் உணர்ச்சி வாதமன்று. 1995இல் இந்தியாவின் உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் ஒளிபரப்புப் பற்றி எழுந்த வழக்கிலே, வான் அலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. 2007இல் அந்நாட்டிலே இயற்றப்பட்ட சட்டமொன்று, தேசிய முக்கியத்துவம் உடைய விளையாட்டுகளின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் அரசு ஒளிபரப்பான பிரசார் பாரதியோடு பகிரவேண்டும் என்று விதித்தது. பிரித்தானியாவிலே ஒலிம்பிக் விழா போன்றவை மக்கள் கட்டணமின்றிக் காணவேண்டிய நிகழ்ச்சிகளின் பட்டியலில் உள்ளன. முதலாளித்துவ நாடுகளே ஏற்றுக்கொண்ட கொள்கையை நம் பள்ளிப் போட்டிகளுக்குக் கேட்பது பேராசையாகாது.

ஆகவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் எளியவை. தொழில்முறை ஓட்டங்களிலே, உரிமையை விற்குமுன் ஓட்டக்காரரின் பிரதிநிதிகளையும் பேச்சு மேசையிலே அமர்த்தவேண்டும். வருமானத்தில் அவர்களின் வீதம் போட்டிக்கு முன்பே எழுத்தில் இருக்கவேண்டும். அப்பணம் அமைப்பாளரின் கையில் அன்றி நம்பிக்கை நிதியத்தில் வைக்கப்படவேண்டும். அவ்வீதம் முதல் மூவரோடு நின்றுவிடலாகாது. எட்டாவதாக ஓடியவர் இன்றேல் முதலாவதாக ஓடியவரும் இல்லை. தனியொருவர் ஓடுவதை எவரும் பணம் கொடுத்துப் பார்ப்பதில்லை.

பள்ளி, மாகாண, தேசியப் போட்டிகளிலே காட்சிக்குக் கட்டணக் கதவு போடலாகாது. அநுசரணையால் வரும் பணத்தில் ஒரு பகுதி, போட்டியிட வந்த பிள்ளைகளின் போக்குவரவுக்கும் உணவுக்கும் சப்பாத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டு, அதன் கணக்கு பகிரங்கமாக வெளியிடப்படவேண்டும். பிள்ளையின் உருவத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துமுன் பெற்றோரின் சம்மதம் பெறப்படவேண்டும். அச்சம்மதப் பத்திரம் அவர்கள் வாசிக்கும் மொழியில் இருக்கவேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அச்சடித்த தாளில் பெருவிரல் அடையாளம் வாங்கும் பழைய தோட்டத்து முறை மைதானத்துக்கும் வரலாகாது. இறுதியாக, ஓடிய பிள்ளைக்கு அதன் ஓட்டத்தின் ஒளிப்பதிவு இலவசமாகக் கொடுக்கப்படவேண்டும். தன் ஓட்டத்தைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்வதற்கும், தெரிவாளரிடம் காட்டுவதற்கும், புலமைப்பரிசில் கோரி விண்ணப்பிப்பதற்கும் அப்பதிவு உதவும். நகரத்துப் பெரிய கல்லூரிகள் இதற்கெனத் தாமே கமரா வைத்துக்கொள்ள முடியும். மடுல்சீமைத் தோட்டத்துப் பள்ளிக்கு அது கனவு.

இவற்றை யார் செய்வார் என்ற கேள்வி எழும். விளையாட்டுத் துறை அமைச்சும், மெய்வல்லுநர் சங்கமும், கல்வித் திணைக்களமும் தாமாகவே விழித்தெழுந்து செய்துவிடும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. நாட்சம்பளம் உயர்ந்ததும் எவருடைய இரக்கத்தாலும் அன்று. தலைமுறை தலைமுறையாக நடந்த போராட்டத்தாலேயே அது உயர்ந்தது. ஓட்டக்காரரின் பங்கும் கேட்டாலன்றிக் கிடையாது. முதலிற் கேட்கவேண்டியவர்கள் ஆசிரியர்களே. வலயப் போட்டிக்கு அநுசரணையாளர் வரும்போது, பதாகையின் அளவைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழாமல், காட்சி உரிமை யாரிடம் இருக்கும், பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும் என்று கூட்ட அறிக்கையிலே பதியும்படி கேட்கலாம். மாணவ நண்பர்கள், தாம் பார்த்துப் பகிரும் ஓட்டக் காட்சியின் பின்னால் எந்தக் கணக்கு ஓடுகின்றது என்பதை ஆராயலாம். பழைய மாணவர் சங்கங்கள், கமரா ஒன்றை வாங்கித் தோட்டப் பள்ளிகளுக்கு முறைவைத்து வழங்கலாம். சிறு காரியங்களே, ஆயினும் உரிமை என்ற சொல்லை மைதானத்துக்குள் முதன்முதலாகக் கொண்டுவரும் காரியங்கள்.

ஓட்டம் மனிதனின் மிகப் பழைய ஆற்றல்களில் ஒன்று. அதற்கு ஆயுதம் வேண்டியதில்லை. நிலமும் காலும் போதும். நிலம் இல்லாத மக்களிடையே பிறந்து, காலை மட்டும் நம்பி ஓடும் பிள்ளைகள் நம் மலைகளில் இருக்கின்றனர். அவர்களின் ஓட்டத்தை உலகம் காணட்டும். அதற்கு விலை உண்டெனில் அவ்விலையின் முதற் கணக்கு அவர்கள் பெயரிலே எழுதப்படட்டும். மடுவத்துத் தராசு ஒரு நூற்றாண்டுக்குமேல் செய்த அநியாயத்தை மைதானத்துக் கமராவும் செய்ய நாம் விடலாகாது.